எழுதுவோர் இருக்கை: சென்னைக் காப்பிக் கடைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நூலுக்குப் பாயிரம் வகுத்த நம் இலக்கண ஆசிரியர்கள், ஆக்கியோன் பெயர் முதலாகப் பயன் ஈறாக எட்டினைச் சிறப்புப் பாயிரத்தின் உறுப்புகளாகக் கூறினர். அவற்றொடு காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர் என்று நன்னூல் குறிக்கின்றது. அம்மூன்றனுள் களம் என்பது நூல் அரங்கேறிய இடமாகும். ஒரு நூல் எந்த அவையில் கேட்கப்பட்டது என்பதை இவ்வாறு போற்றிய முன்னோர், அது எங்கே அமர்ந்து எழுதப்பட்டது என்பதை ஓர் உறுப்பாக எண்ணினாரல்லர். பாடஞ் சொல்லும் ஆசிரியன் காலமும் இடமும் நோக்கித் தக்கதோர் இருக்கையில் அமர வேண்டும் என்று அந்நூலே பொதுப்பாயிரத்தில் வற்புறுத்துகின்றது. கற்பிப்போனுக்கு இருக்கை கூறியவர்கள் எழுதுவோனுக்குக் கூறாது விட்டமைக்குக் காரணம் அரிதன்று. புலவர் நெஞ்சினுள்ளே பாடி முடித்துச் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்ட காலம் அது. அச்சும் இதழும் பெருகிய பின்னரே, எழுத்தையே தொழிலாகக் கொண்டவன் நாள்தோறும் சில மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்தே ஆகவேண்டிய நிலை வந்தது. அவ்வாறு அவனுக்கு வாய்த்த இடங்களுள் ஒன்று காப்பிக் கடை. அதனை எழுதுவோர் இருக்கை என்ற நிலையில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பிக் கடையின் சூழல் எழுதத் தூண்டும் என்று இன்று பலரும் கூறுகின்றனர். காப்பியின் மணம், மேசைகளிலிருந்து எழும் பேச்சொலி, வருவோரும் போவோருமாகிய அறிமுகமில்லா முகங்கள் ஆகிய இவை உள்ளத்தைக் கிளர்த்துகின்றன என்பது அவர்தம் கருத்து. யாமும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதினோம். அக்கருத்து முழுமையுடையதன்று என்று எமக்கு உணர்த்தியவர் எம் மாணவர் ஒருவர். உணர்த்திய இடம் நொச்சிக்குப்பம்.

சென்னைக் கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, கடலுக்கும் லூப் சாலைக்கும் அண்மையில் அமைந்துள்ள மீனவர் ஊர் நொச்சிக்குப்பம். நொச்சி என்றவுடன் மதில் காத்து நிற்போர் சூடும் பூவும், புறப்பொருள் வெண்பாமாலையில் அப்பூவின் பெயரால் அமைந்த திணையும் நம் நினைவிற்கு வரும். ஊர்ப்பெயர்க்கு மரமே காரணமாகலாம். ஆயினும் 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலையைக் கண்டு, அதன் பின்னரும் அக்கரையை விட்டு அகலாது வாழும் அம்மக்களை நினைக்குந்தோறும் திணைப்பெயரே எம் நெஞ்சில் முந்துகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் ஆய்வேடு எழுதிய மாணவர் அவ்வூரினர். அவர் நூலகத்திற்கு வாராது, தம் ஊரில் தேநீர்க் கடையொன்றில் பொழுது கழிக்கின்றார் என்று கேள்வியுற்று, யாம் அவரை அழைத்துச் சற்றுக் கடிந்தே பேசினோம். அவர் சினங்கொள்ளவில்லை. "வீட்ல உக்காந்து எழுத எடமில்ல ஐயா. லைப்ரரி சாயங்காலம் மூடிடறாங்க. அங்க ஒரு டீ வாங்கினா ரெண்டு மணி நேரம் யாரும் எழுப்ப மாட்டாங்க" என்றார்.

அவர் அந்த பெஞ்சில் அமர்ந்து எழுதிய இயல், நெய்தற் பாடல்களில் பரதவர் வாழ்க்கையைப் பற்றியது. கொண்டல் என்னும் சொல் வருமிடங்களிலெல்லாம் அவர் முன்னர் மேகம் என்றே பொருள் எழுதியிருந்தார். யாமும் அதனைப் படித்து ஒப்பமிட்டிருந்தோம். கடலிலிருந்து மீண்டு தேநீர் அருந்த வந்த முதியவர் ஒருவர், அவர் வாய்விட்டுப் படித்ததைக் கேட்டு, "கொண்டல்னா காத்து தம்பி, கெழக்கேருந்து வர்றது" என்று திருத்தினாராம். கீழ்காற்று என்னும் பொருள் அகராதிகளிலும் உள்ளதே. வாடை வடகாற்றாதலை எவரும் அறிவர். கொண்டலை மேகத்தோடு நிறுத்திவிடுதல் நூல்வழியே நெய்தலைக் கற்ற எம்மனோர்க்கு எளிதில் நேரும் பிழை. மாணவர் ஒவ்வோரிடத்தையும் மீண்டும் நோக்கி, மேகம் பொருந்துவன இவை, காற்றுப் பொருந்துவன இவை எனப் பிரித்து எழுதி வந்தார். எழுதிய இடமே களமும் ஆயிற்று. அரங்கேற்றத்தில் குறை கண்டு உரைக்கும் சான்றோரும் அங்கு இருந்தனர்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர், காப்பிக் கடையும் எழுத்தும் பற்றிய செய்திகளை யாம் வேறொரு வினாவோடு படிக்கலானோம். அங்கே அமர்ந்து எழுதினார் என்று கூறப்படுமிடத்தெல்லாம், அவரை அங்கே அமரவிட்டவர் யார், எவ்விலைக்கு, எவ்வளவு நேரம், அருகே அமர முடியாது நின்றவர் யார் என்று கேட்டோம். விடைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன.

இலண்டன் நகரின் முதற் காப்பிக் கடை 1652-இல் தோன்றியது. கால் நூற்றாண்டிற்குள் அத்தகைய கடைகள் பெருகி, அங்கு நிகழ்ந்த பேச்சுக்கு அஞ்சிய இரண்டாம் சார்லசு மன்னர் 1675 திசம்பரில் அவற்றை மூடுமாறு ஆணையிட்டார். எதிர்ப்பு மிகவே, சில நாட்களுள் அவ்வாணையைத் திரும்பப் பெற்றார். எழுத்தின் வரலாற்றில் இவற்றினும் குறிக்கத்தக்கது 1709-இல் ஸ்டீல் தொடங்கிய 'டாட்லர்' என்னும் இதழ். அவர் தம் செய்திகளைக் காப்பிக் கடைகளின் பெயராலேயே பகுத்தார். கவிதை பற்றியன வில் கடையிலிருந்தும், கல்வி பற்றியன கிரேசியன் கடையிலிருந்தும், நாட்டு நடப்புகள் செயிண்டு சேம்சு கடையிலிருந்தும் வருவனவாக அமைத்தார். 1713-இல் அடிசன் பட்டன் கடையில் சிங்க முகங் கொண்ட பெட்டியொன்றை நிறுவச் செய்தார். இதழுக்கு எழுத விரும்பியோர் தம் தாளைச் சிங்கத்தின் வாயில் இடுதல் வேண்டும். கடை ஒன்றே பதிப்பகமாகவும் அஞ்சலகமாகவும் நின்ற காட்சி இது. ஆங்கில உரைநடை மேடைப்பேச்சின் மிடுக்கை விட்டு இருவர் எதிரெதிர் அமர்ந்து பேசும் நடையை எய்தியதில் இக்கடைகட்குப் பங்குண்டு என்பது இலக்கிய வரலாற்றாசிரியர் பலர்க்கும் உடன்பாடு. செருமானிய அறிஞர் ஆபர்மாசு 1962-இல் வெளியிட்ட நூலில், பொதுமக்கள் கருத்து என்ற ஒன்று உருவான இடங்களுள் இவற்றைச் சேர்த்தார். ஒரு கோப்பையின் விலை கொடுத்தோர் எல்லாரும் அமரலாம் என்பது அவர் கொண்ட சிறப்பு. எல்லாரும் என்ற அச்சொல்லில் பெண்டிர் அடங்கார் என்பதைப் பின்வந்தோர் எடுத்துக்காட்டினர்.

பாரிசு நகர்ப் புளோர் கடையின் புகழை அறியாதார் இலர். செருமானியர் அந்நகரைக் கைப்பற்றியிருந்த ஆண்டுகளில் சார்த்தரும் சிமோன் த பொவுவாரும் அங்கமர்ந்து எழுதினர். சூழலின் தூண்டுதலுக்கு இதனினும் சிறந்த சான்று இல்லை என்று கூறுவோர், ஒன்றை மறந்துவிடுகின்றனர். அக்காலத்தில் எரிபொருட் பஞ்சத்தால் விடுதி அறைகள் குளிரில் உறைந்து கிடந்தன. அக்கடையிலோ கணப்பு இருந்தது. நொச்சிக்குப்பத்து மாணவருக்கு வீட்டில் இடமில்லை. அவ்விருவர்க்கு அறையில் வெப்பமில்லை. இல்லாத ஒன்றைக் கடை தந்தது என்பதில் இரண்டும் ஒன்றே.

இனித் தமிழ்நாட்டிற்கு வருவோம். காப்பி வருமுன் தமிழ் எழுதப்பட்ட இடங்கள் மடமும் திண்ணையும் ஆம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடல்களைச் சொல்லச் சொல்ல, உடனிருந்தோர் ஏட்டில் எழுதிய முறையினை உ. வே. சாமிநாதையர் விரிவாகக் காட்டியுள்ளார். திண்ணை என்பது வீட்டுக்குரியவரின் ஈகையால் கிடைக்கும் இருக்கை. எவர் ஏறலாம், எவர் தெருவில் நிற்கவேண்டும் என்பதை அவரும் ஊரும் சேர்ந்து முடிவு செய்தனர். விலை கொடுத்து அமரும் இடம் அன்று இல்லை. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்த தம் வரலாற்றில், தம் இளமையில் காப்பி இல்லாமையையும் அக்காலக் காலையுணவையும் சுட்டிச் செல்கின்றார். அவர் எழுதும்போது காப்பி இல்லாத காலம் ஒன்று இருந்தது என்பதே படிப்போர்க்குச் சொல்லவேண்டிய செய்தியாகிவிட்டது. அத்துணை விரைவில் அது பரவியிருந்தது. இப்பரவலையும், அதனால் எழுந்த அச்சங்களையும், காப்பி நடுத்தர வகுப்பின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளரின் அடையாளமாகவும் பிரிந்தமையையும் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். அதனை மீண்டும் கூறுதல் வேண்டா. யாம் கருதும் இருக்கையைப் பற்றி மட்டும் சில சொல்வோம்.

காப்பிக் கிளப்பு எனவும் காப்பி ஓட்டல் எனவும் வழங்கிய அக்கடைகள், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டு நகரங்களில் பெருகின. அவற்றுள் பலவற்றின் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்னும் சொல் இருந்தது. சமைப்பவர் யார் என்பதை அறிவிக்கும் சொல் அது என்று சிலர் அமைதி கூறுவர். ஆனால் அமர்வோரையும் அக்கடைகள் பிரித்தன என்பதற்கு இருப்புப்பாதை நிலையங்களின் வரலாறே போதிய சான்று. தென்னிந்திய இரயில்வேயின் உணவு விடுதிகளில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941-இல்தான் நீங்கியது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி முதலியன காட்டி எவரையும் தடுத்தல் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு 1950-இல் விதித்தது. தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டிக்கும் சட்டம் 1955-இல் வந்தது. அதன் பின்னரும் பலகைச்சொல் நின்றது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னர்ப் பெரியார் தொடங்கிய போராட்டத்தில் தொண்டர்கள் நாள்தோறும் சென்று கைதாயினர். பின்னரே அக்கடையின் பலகையிலிருந்து அச்சொல் நீங்கியது. நொச்சிக்குப்பத்திலிருந்து திருவல்லிக்கேணி நடந்து செல்லும் தொலைவே. அக்குப்பத்து இளைஞர் ஒருவர் 1930-களில் அங்குள்ள கடைகளுள் ஒன்றில் நுழைந்து, ஒரு டபரா காப்பியோடு இரண்டு மணி நேரம் தாளும் மையுமாக அமர்ந்திருக்க இயலுமா என்று எண்ணிப் பார்த்தால், சூழல் எழுத்தைத் தூண்டும் என்ற பொதுக்கூற்று எவர்க்குப் பொருந்தும், எவர்க்குப் பொருந்தாது என்பது புலனாகும். தமிழில் மறுமலர்ச்சி எழுத்து என்று நாம் பாராட்டும் பகுதி பெரும்பாலும் எந்தத் தெருக்களைப் பாடியது, எந்தக் கரையைப் பாடாது விட்டது என்ற ஆராய்ச்சிக்கு இதுவும் ஒரு வாயில்.

அக்காலக் காப்பி ஓட்டலின் மிகச் சிறந்த சித்திரம் புதுமைப்பித்தனுடையது. 1943-இல் கலைமகளில் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் கதையில், சென்னைத் தெருமுனையில் எதிர்ப்பட்ட கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை முதலில் அழைத்துச் செல்லும் இடம் காப்பி ஓட்டல். காப்பியின் சுவையைக் கடவுள் தம் திருவிளையாடலாகக் கொள்ள, அது சிக்கரியின் விளையாடல் என்று பிள்ளை உலகியல் கற்பிக்கின்றார். இக்கதையைத் தத்துவ நோக்கில் ஆராய்ந்தோர் பலர். பிள்ளை ஓர் இதழாசிரியர் என்பதை அவர்கள் போதிய அளவு கருதவில்லை என்பது எம் எண்ணம். அவர் சித்த மருத்துவத் திங்களிதழ் ஒன்றை நடத்துபவர். காப்பியில் தொடங்கிய பழக்கம் கடவுளை அவ்விதழுக்கு ஆயுட் சந்தாதாரராக்கும் வரை செல்கின்றது. பட்டன் கடையின் சிங்க முகப் பெட்டி ஆசிரியரைத் தேடித் தந்தது. சென்னை ஓட்டலோ சந்தாதாரரைத் தேடித் தருகின்றது. 1930-களிலும் 1940-களிலும் தமிழ்ச் சிற்றிதழ்கள் எவ்வாறு உயிர் வாழ்ந்தன, எவ்வாறு மாய்ந்தன என்பதை அறிந்தோர்க்கு இந்நகையின் உள்ளே கிடக்கும் துயரம் விளங்கும். அறிமுகமில்லாத இருவர் ஒரு மேசையில் சமமாக அமர்தற்கு அன்றைய சென்னையில் வாய்த்த அரிய இடங்களுள் ஒன்றை அவர் தெரிந்தெடுத்தமையும் தற்செயலன்று.

அம்மேசைகளில் பெண்டிர் தனித்து அமர்தல் அக்காலத்தில் இயல்வதன்று. திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை இயற்றினார். எழுதப் பயிலாத நிலையில் தம் முதல் நூலைத் தோழி ஒருவர்க்குச் சொல்லி எழுதுவித்தார் என்பது அவர் வரலாறு. மடத்தில் மகாவித்துவான் கொண்ட முறையே இங்கு வீட்டினுள் மீண்டும் நிகழ்ந்தது. ஆடவர்க்குக் காப்பி என்பது சென்று அமரும் இடம். பெண்டிர்க்கு அது விடியலில் எழுந்து பில்டரில் பொடியிட்டு இறக்கித் தரும் வேலை. அம்பை தம் சிறுகதை ஒன்றிற்கும் 1988-இல் வந்த தொகுதிக்கும் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று பெயரிட்டதை இவ்விடத்து நினைக்கலாம். காப்பியும் தமிழ் எழுத்தும் என்று எவரேனும் முழு நூல் எழுதுவாராயின், அந்த மூலையிலிருந்தே தொடங்க வேண்டும் என்போம்.

காப்பி ஓட்டலில் இடம் பெறாதோர்க்குத் தேநீர்க் கடை இடந் தந்தது. அங்கும் எல்லார்க்கும் ஒரே குவளை என்று கூறுதற்கில்லை. சிற்றூர்கள் பலவற்றில் இரட்டைக் குவளை முறை இருந்ததும், சட்டத்திற்குப் பின்னும் அது முற்றும் ஒழியாமையும் நாடறிந்த இழிவு. நகரத்துத் தேநீர்க் கடை அவ்வளவில் மேம்பட்டது. ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, மற்றையோர் கேட்டு வாதிடும் வழக்கம் அங்கு வேரூன்றியது. சி. பா. ஆதித்தனார் 1942-இல் தொடங்கிய தினத்தந்தி எளிய சொல்லும் குறுந்தொடருமாக அமைந்தது இவ்வகைக் கேட்போரை எண்ணியே எனலாம். திராவிட இயக்கத்தின் படிப்பகங்களும் முடிதிருத்தகங்களும் இக்கடைகளோடு சேர்ந்து ஒரு பள்ளியாக விளங்கின. இலண்டன் கடைகள் ஆங்கில உரைநடைக்குச் செய்ததை இவை தமிழ் உரைநடைக்குச் செய்தன என்று யாம் கருதுகின்றோம். ஆயினும் நம் இலக்கிய வரலாறுகள் இவற்றைச் சமூகவியலார்க்கு விட்டுவிட்டன.

நெடுநேரம் அமர்தலைக் குற்றமாகக் கருதாத கடை என்றால் இந்தியா காப்பி ஹவுசைக் கூறவேண்டும். காப்பித் தீர்வைக் குழுவினர் 1936-இல் பம்பாயில் முதற் கடையைத் திறந்தனர். பின்னர் அவற்றை நடத்திய காப்பி வாரியம் 1950-களில் கடைகளை மூடத் தொடங்கவே, வேலையிழந்த பணியாளர் ஏ. கே. கோபாலனின் துணையோடு கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே நடத்தலாயினர். பெங்களூரில் 1957-இலும் திருச்சூரில் 1958-இலும் இது நிகழ்ந்தது. கொல்கத்தாக் கல்லூரித் தெருக் கடையின் இலக்கியப் புகழ் கூறவேண்டா. பரிமாறுவோரே உரிமையாளராதலின், இருப்போரை எழுப்பி மேசையைக் காலி செய்யும் அவசரம் அங்குக் குறைவு என்பது எம் ஊகம். புதுச்சேரி நேரு வீதிக் கடை உலக இலக்கியத்திலும் இடம் பெற்றது. யான் மார்ட்டெல் 2001-இல் வெளியிட்ட 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரை, அக்கதையைத் தாம் முதலில் கேட்ட இடமாக அக்கடையைப் புனைகின்றது. அங்கும் அது களமே.

சென்னைக்கு அவ்வகையில் வாய்த்தது கதீட்ரல் சாலையிலிருந்த உட்லண்ட்சு டிரைவ்-இன். வேளாண் தோட்டக்கலைக் கழகத்தின் நிலத்தில், மரநிழலில், 1962-இல் அது தொடங்கியது. காரில் இருந்தபடியே உண்ணலாம் என்பது அதன் பெயருக்குக் காரணமாயினும், காரின்றி வந்தோர்க்கு உள்ளே மேசைகள் இருந்தன. வழக்கறிஞரும் மருந்து நிறுவனப் பிரதிநிதிகளும் திரைப்படக் கதை பேசுவோரும் எழுத்தாளரும் மாணவரும் அதனைத் தம் அலுவலகமாகவே கொண்டிருந்தனர். யாமும் எம் முனைவர் பட்ட ஆய்வேட்டின் இரண்டு இயல்களை அங்கு எழுதினோம். அவ்விரண்டே பிறர் படிக்கத்தக்கனவாக அமைந்தன என்று எம் மேற்பார்வையாளர் கூறியதுண்டு. நிலம் பற்றிய வழக்கின் முடிவில் 2008-இல் அது மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010 நவம்பர் 24-இல் திறக்கப்பட்ட பூங்காவிற்குச் செம்மொழிப் பூங்கா என்று பெயர். பூங்கா அழகியது; பெயரும் எம் போன்றோர்க்கு உவப்பானதே. ஆனால் தமிழ் பேசப்பட்டும் எழுதப்பட்டும் வந்த மேசைகளின் மேல் தமிழின் பெயர்ப்பலகை நிற்பதைக் காணுங்கால், கோவில் இடித்த இடத்தில் அக்கோவிலின் தலபுராணத்தை விற்பது போன்ற ஒரு கூச்சம் எமக்கு எழுகின்றது. பூங்காவிலும் எழுதலாமே எனின், எழுதலாம். தியாகராயநகரில் வாழ்ந்த அசோகமித்திரன் வீட்டருகிலிருந்த பூங்காவில் அமர்ந்து எழுதியவரே. அவர்க்கு அங்கே நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை.

சூழலின் தூண்டுதல் என்னும் கருத்திற்கு அறிவியற் சான்றும் உண்டு என்பதை மறைத்தல் முறையன்று. ரவி மேத்தா, ரூயி சூ, அமர் சீமா என்னும் மூவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 டெசிபெல் அளவினதாகிய மிதமான இரைச்சல், 50 டெசிபெல் அமைதியைக் காட்டிலும் புதியன புனையும் ஆற்றலை மிகுவிக்கின்றது என்றும், 85 டெசிபெல்லை எட்டினால் அது கெடுக்கின்றது என்றும் கண்டனர். சற்றே இடையூறு நேரும்போது மனம் நுண்ணிய விவரங்களை விட்டுப் பரந்து எண்ணத் தலைப்படுகின்றது என்பது அவர்கள் தரும் விளக்கம். இதனை யாம் ஏற்கின்றோம். டிரைவ்-இன் மேசையில் எமக்கு நேர்ந்ததும் இதுவே ஆகலாம். ஆனால் அவ்வாய்வில் பங்கு கொண்டோர்க்கு நாற்காலி முன்னரே இடப்பட்டிருந்தது. வேறு ஏதாவது வேண்டுமா என்று மேசையருகே வந்து நிற்கும் சர்வரின் குரல் எத்தனை டெசிபெல் என்பதையும், அக்குரலுக்கு அஞ்சுவோன் புதியன புனைவானா என்பதையும் எவரும் அளந்திலர். எழுதுவோனை உண்மையில் கெடுக்கும் ஓசை அதுவே.

அண்மைக் காலக் கடைகளைப் பற்றி விரிவாகக் கூற யாம் தகுதியுடையேம் அல்லேம். 1996-இல் பெங்களூரில் இணைய வசதியோடு தொடங்கிய கஃபே காஃபி டே என்னும் நிறுவனமும், அதனைப் பின்பற்றியனவும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் மடிக்கணினியோடு அமர்வோர்க்குக் குளிர்ந்த அறை தந்தன. நெடிது அமர்தலை அவை பொறுத்துக்கொள்கின்றன. அப்பொறுமையின் விலை கோப்பையின் விலைக்குள் அடங்கியுள்ளது. பிராமணாள் என்ற சொல் எழுதிய பலகை அங்கு இல்லை. விலைப்பட்டியல் உண்டு.

நொச்சிக்குப்பத்துக் கடைக்குப் பின்னர் யாம் மும்முறை சென்றோம். லூப் சாலையோர மீன்கடைகளைப் பற்றி 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்ததும், 2024-இல் மீன் விற்போர்க்கெனப் புதிய அங்காடிக் கட்டடம் திறக்கப்பட்டதும் செய்தித்தாள்களில் வந்தவை. அவற்றின் இடையே அக்கடை சில அடி நகர்ந்திருந்தது. பெஞ்சு அதே பெஞ்சு. மாணவர் பட்டம் பெற்று ஒரு பள்ளியில் தமிழாசிரியராயினார். அவர் அமர்ந்த இடத்தில் இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணொருத்தி மாலை வேளைகளில் அமர்கின்றாள். கடைக்காரர் உறவினராதலின் எவரும் ஒன்றும் கூறுவதில்லை என்று அவள் எம்மிடம் கூறினாள். உறவினர் அல்லாதாராயின் என்ன என்று யாம் கேட்கவில்லை. காலையில் மட்டும் அவள் வருவதில்லை. படகுகள் கரையேறும் நேரம் அது; இரவெல்லாம் கடலில் இருந்தோர்க்கு அப்பொழுது அந்த பெஞ்சு வேண்டும்.